யார் வழிகாட்டி?

மார்கழி பிறந்துவிட்டால் தில்லியில் படிக்கும் தமிழ் மாணவர்களின் விடுதிகளில் ஒரு புதிய கலகலப்புத் தோன்றும். ஊரிலிருந்து பெற்றோர் வருவார்கள். அவர்களோடு முறுக்கும் அதிரசமும் பருப்புப் பொடியும் வரும். தாய்மார்கள் பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "இளைத்துவிட்டாயே!" என்பார்கள். தந்தைமார்கள் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டு, "இந்தக் குளிரில் எப்படித்தான் இருக்கிறாயோ!" என்பார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து எல்லாரும் ஆக்ராவுக்குப் புறப்படுவார்கள். இது நம்மிடையே ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. அந்தச் சடங்கை முன்நின்று நடத்தும் பூசாரிகள் நாம். ஆனால், மந்திரம் தெரியாத பூசாரிகள். சென்ற ஆண்டு நானும் அப்படி ஒரு பூசாரியாக இருந்தேன். அன்று பட்ட வெட்கமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது.

என் தந்தையார் அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவாளர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க அவருக்கு வாய்ப்பு இல்லை. என் தாயார் பாவு போடுவார், நூல் சுற்றுவார். தங்கை பத்தாம் வகுப்பு. மூவரும் முதன்முறையாக விந்திய மலையைத் தாண்டி வந்தார்கள். ஆக்ராவுக்கு ஒரே நாளில் போய் வருவது என்று முடிவு செய்தோம். நாள் குறித்தவன் நான்; பயணச்சீட்டு வாங்கியவன் நான். "எல்லாம் அவனுக்குத் தெரியும், மூன்று வருடமாக இங்கேதானே இருக்கிறான்" என்று தாயார் மகிழ்ச்சியோடு சொன்னார்.

விடியற்காலையில் புறப்பட்டோம். பனிமூட்டம் எதிரே நிற்பவர் முகத்தையும் மறைத்தது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர்த் தூரத்தைக் கடக்க எங்கள் வண்டி வழக்கத்தைவிட மூன்று மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டது. ஆக்ராவில் இறங்கி, "தாஜ்மகாலுக்குப் போக வேண்டும்" என்று ஆட்டோக்காரரிடம் பெருமிதத்தோடு இந்தியில் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்று வெள்ளிக்கிழமை அல்லவா?" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் தாஜ்மகால் பார்வையாளர்களுக்கு மூடப்பட்டிருக்கும். அங்குள்ள மசூதியில் தொழுகை நடக்கும் நாள் அது. உலகம் அறிந்த செய்தி. கையிலிருந்த கைப்பேசியில் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். மூன்று ஆண்டுகள் வடக்கே வாழ்ந்தவனுக்குத் தெரியவில்லை! தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. தாயார்தான், "அதனால் என்ன, வேறு ஏதாவது இருக்குமே, அதைப் பார்ப்போம்" என்று என் மானத்தைக் காத்தார். இப்படித்தான் நாங்கள் ஆக்ராக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

செங்கல் கோட்டை ஒன்று இருந்த இடத்தில் அக்பர் இந்தக் கோட்டையை 1565-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினார். ஏறத்தாழ எட்டு ஆண்டுகளில் முடித்தார். சுற்றளவு சுமார் இரண்டரைக் கிலோமீட்டர். செம்மணற்கல் மதில் எழுபது அடி உயரம். அவருடைய பேரர் ஷாஜகான் பழைய கட்டடங்கள் சிலவற்றை இடித்துவிட்டு, வெள்ளைப் பளிங்கால் மாளிகைகளை எழுப்பினார். 1983-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக அறிவித்தது. கோட்டையின் பெரும்பகுதி இன்றும் இராணுவத்தின் வசம் இருப்பதால், நாம் அமர்சிங் வாயில் வழியாக நுழைந்து ஒரு பகுதியை மட்டுமே காண்கிறோம். இவையெல்லாம் நான் பின்னர்ப் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்று வாயிலில் நின்றபோது, "அக்பர் கட்டியது" என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்ல எனக்குத் தெரியாது.

தெரியாதவனைத் தேடி வழிகாட்டி வருவார். எங்களையும் ஒருவர் தேடி வந்தார். தலையில் ஒரு துண்டு, உடம்பில் ஒரு பழைய கோட்டு. குளிரில் அவருடைய மூச்சு புகையாக வந்தது. அவர் இந்தியில் சொல்ல, நான் தமிழில் சொல்வது என்று ஏற்பாடு. அவர் கதையில் வல்லவர். மதிலின் மறைவிலிருந்து யமுனையின் பக்கம் கையை நீட்டினார். அங்கே பனிதான் தெரிந்தது. "தாஜ்மகாலைக் கட்டி முடித்ததும், இதுபோல் இன்னொன்று எவனும் கட்டக்கூடாது என்று, வேலை செய்த கலைஞர்களின் கைகளையெல்லாம் ஷாஜகான் வெட்டிவிட்டான்" என்றார். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். கொஞ்சம் உணர்ச்சியும் சேர்த்தே மொழிபெயர்த்தேன்.

தந்தையார் நின்றுவிட்டார். தம் கைகளைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "தம்பி, கையை வெட்டுகிறவனிடம் அடுத்த வேலைக்கு எந்தத் தொழிலாளி வருவான்? அதற்குப் பிறகு அந்த ராசா ஒன்றுமே கட்டவில்லையா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. வழிகாட்டியிடம் கேட்டேன், அவர் சிரித்துவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார். ஆனால், பதில் என் கண் முன்னால்தான் மூன்று ஆண்டுகளாக நின்றுகொண்டிருந்தது. தாஜ்மகால் வேலை 1632-இல் தொடங்கியது. அந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1639-இல், அதே ஷாஜகான் தில்லியில் செங்கோட்டைக்கு அடிக்கல் நாட்டினார். 1648-இல் அது முடிந்தது. உஸ்தாத் அகமது லாகோரி என்ற கட்டடக்கலைஞர் பெயர் இரண்டோடும் சேர்த்தே பேசப்படுகிறது. கைவெட்டுக் கதைக்கு அக்காலத்துச் சான்று எதுவும் இல்லை. கைத்தறிக்காரர் ஒருவர், தொழிலாளிக்கும் முதலாளிக்கும் உள்ள உறவை அறிந்தவர் என்ற ஒரே தகுதியைக் கொண்டு, நின்ற இடத்திலேயே அந்தக் கதையை உடைத்துவிட்டார். செங்கோட்டையைப் பேருந்தின் சன்னல் வழியே நூறு முறை பார்த்த பட்டதாரி அந்தக் கதையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான்!

அடுத்த அடி என் தங்கையிடமிருந்து விழுந்தது. கோட்டைக்குள் ஓர் அறையில் மிகப் பெரிய மரக்கதவுகள் இரண்டு இருக்கின்றன. "இவை சோமநாதர் கோயில் சந்தனக் கதவுகள், கஜினி முகமது கொண்டுபோனவை, வெள்ளைக்காரன் மீட்டுக் கொண்டுவந்தான்" என்றார் வழிகாட்டி. நானும் சொன்னேன். தாயார் கைகூப்பப் போனார். அதற்குள் அங்கிருந்த தொல்லியல் துறையின் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த தங்கை, "அண்ணா, இதில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே!" என்றாள்.

வேறு மாதிரிதான் எழுதியிருந்தது. 1842-இல் ஆப்கானியப் போரில் அடிபட்ட ஆங்கிலேயர் படை திரும்பும்போது, கஜினி நகரிலுள்ள முகமதுவின் கல்லறையிலிருந்து இக்கதவுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த எல்லன்பரோ பிரபு, இவை சோமநாதர் கோயிலின் கதவுகளே என்றும், பழைய அவமானத்துக்குப் பழி தீர்த்துவிட்டோம் என்றும் இந்திய மன்னர்களுக்குப் பெரிய அறிக்கை விட்டார். பிறகு ஆராய்ந்து பார்த்தால், மரம் சந்தனம் அன்று, தேவதாரு. வேலைப்பாடும் குசராத்தைச் சேர்ந்தது அன்று, கஜினியைச் சேர்ந்தது. சோமநாதத்துக்கு அனுப்ப முடியாமல் கதவுகள் ஆக்ராவிலேயே தங்கிவிட்டன. தோற்ற போரை மறைக்க ஓர் ஆட்சி சொன்ன பொய் அது. நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னும் அதை நான் என் தாயாருக்கு நல்ல தமிழில் சொன்னேன். உண்மை மூன்றடி தொலைவில் பலகையில் எழுதியிருந்தது. எனக்கும் ஆங்கிலம் தெரியும். படிக்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

முசம்மன் புர்ஜ் என்னும் எண்கோணக் கோபுரத்துக்கு வந்தோம். ஷாஜகான் தம் மகன் ஔரங்கசீப்பால் 1658-இல் இக்கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். இந்தப் பளிங்குக் கோபுரத்திலிருந்து தாஜ்மகாலைப் பார்த்தபடியே அவர் இறுதி நாட்களைக் கழித்ததாகச் சொல்வார்கள். நாங்களும் பார்த்தோம். யமுனையும் தெரியவில்லை, தாஜ்மகாலும் தெரியவில்லை. வெள்ளைச் சுவர்போலப் பனி நின்றது. பளிங்கைத் தொட்டால் விரல் மரத்தது. "எட்டு வருடம் இங்கேயே இருந்தார், 1666-ஆம் வருடம் இதே குளிர்காலத்தில் இறந்தார், மகள் ஜஹானாரா மட்டும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள்" என்று வழிகாட்டி சொன்னார். இது உண்மையான செய்திதான்.

தாயார் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டு, "ஏய்யா, அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று?" என்று கேட்டார்.

ராசாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கிழவரோடு சிறையில் இருந்த மகளைப் பற்றிக் கேட்டார். வழிகாட்டிக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தந்தையாரோ வேறு ஒன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். நான்கு பக்கமும் திறந்த மண்டபங்கள், தூண்கள், கல் சாளரங்கள். காற்று தடையின்றி வந்து எலும்பைத் துளைத்தது. "இது வெயிலுக்குக் கட்டின வீடு. குளிருக்கு இங்கே கல்லை மட்டும் வைத்துக்கொண்டு மனிதன் இருந்திருக்க முடியாது. துணி இருந்திருக்கும், தம்பி. இந்தத் தூணுக்கும் அந்தத் தூணுக்கும் நடுவே கனத்த திரை, கீழே கம்பளம், மேலே விதானம் எல்லாம் இருந்திருக்கும். கல் நின்றுவிட்டது, துணி போய்விட்டது. நெய்தவன் பேரும் போய்விட்டது" என்றார்.

நான் வேதியியல் மாணவன். வரலாறெல்லாம் வரலாற்றுத் துறையினரின் பாடு என்று இருந்தவன். ஆயினும், அன்று திரும்பி வரும் வண்டியில் தங்கை என் தோளில் சாய்ந்து உறங்க, தந்தையாரின் சொல் என்னை உறங்கவிடவில்லை. அவர்கள் ஊருக்குப் போன பின் நூலகத்துக்குச் சென்றேன். அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல் எழுதிய 'அயினி அக்பரி' ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைத்தது. அதில் கூடாரங்களுக்கும் விரிப்புகளுக்கும் ஒரு தனிப்பகுதி. சால்வைகளுக்கும் துணிகளுக்கும் ஒரு தனிப்பகுதி. அக்பர் கம்பள நெசவாளர்களை வரவழைத்து ஆதரித்ததையும், ஆக்ராவிலும் பத்தேபூரிலும் லாகூரிலும் சிறந்த கம்பளங்கள் நெய்யப்பட்டதையும் அபுல் பசல் எழுதியிருக்கிறார். தந்தையார் சொன்னது அத்தனையும் சரி. ஆக்ராவில் இன்றும் கம்பளம் நெய்கிறார்கள். நாங்கள் அந்தத் தெருக்களின் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டோம். பார்த்திருந்தால், தாஜ்மகாலைக் காணாத குறை என் தந்தையாருக்கு ஒரு குறையாகவே தோன்றியிராது.

தாயாரின் கேள்விக்கும் விடை கிடைத்தது. தந்தை இறந்த பின் ஜஹானாரா வெளியே வந்தார். ஔரங்கசீப் அவருக்கு உரிய மதிப்பை மீண்டும் அளித்தார். 1681-இல் இறந்தார். அவருடைய கல்லறை இருக்குமிடம் தில்லி நிசாமுதீன் தர்கா. மேலே கூரை இல்லை; கல்லறையின் நடுவில் மண்ணும் புல்லுமே இருக்கும். அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். ஏனென்றால், என் தாயாரைத் திருக்குறள் விரைவு வண்டியில் ஏற்றி அனுப்பியது நிசாமுதீன் நிலையத்தில். வண்டி வரும்வரை இரண்டு மணி நேரம் அந்த நடைமேடையில் உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் உறங்கும் இடம் அங்கிருந்து நடந்து போகும் தூரம்.

அன்பர்களே, இதை நான் என் குறையாக மட்டும் எண்ணியிருந்தால் எழுதியிருக்கமாட்டேன். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் இருக்கிறோம். வடக்கே வந்து மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு இருக்கிறோம். சோறு எங்கே கிடைக்கும், இட்லி எங்கே கிடைக்கும், ஊருக்குப் போகும் வண்டியில் இடம் எப்போது கிடைக்கும் என்பவை நமக்குத் தெரியும். நாம் வாழும் ஊரைத் தெரியாது. சுற்றுலாப் பயணி ஒரு நாள் விருந்தாளி. நாம் ஆயிரம் நாள் விருந்தாளிகள். வேறுபாடு அவ்வளவே.

"ஒரு நாள் பொழுதுபோக்குக்குப் போகிறோம், அதற்குப் போய்ப் பாடம் படிக்க வேண்டுமா?" என்று சில நண்பர்கள் கேட்டார்கள். பொழுதுபோக்கை நான் குறைகூறவில்லை. அன்று கோட்டை வாசலில் குடித்த சூடான தேநீரும், சூட்டோடு தின்ற வேர்க்கடலையும், ஜஹாங்கீரின் பெரிய கல்தொட்டியைக் கண்டு, "இதில் எத்தனை குடம் பிடிக்கும்?" என்று தாயார் கணக்குப் போட்டதும் என்றும் மறக்க முடியாதவை. ஆனால், நம் பெற்றோர் பொழுதுபோக்குக்கு மட்டும் வரவில்லை. தறியை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, கூலியை இழந்து, இரண்டு இரவு வண்டியில் உட்கார்ந்து வருகிறார்கள். தாங்கள் படிக்காததைப் பிள்ளை படித்திருக்கிறான், அவன் கண்ணால் உலகத்தைப் பார்க்கலாம் என்று வருகிறார்கள். அந்தக் கண்ணை மூடிக்கொண்டு, கிடைத்த கதையைக் கைமாற்றிக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

"வழிகாட்டிகள்தாம் ஏமாற்றுகிறார்கள்" என்று பழியை அவர்கள்மேல் போடுவதும் நேர்மை அன்று. பனியில் நாள் முழுதும் நின்று பிழைப்பவர் அவர். நாம் எதைக் கேட்டு வியக்கிறோமோ அதைச் சொல்கிறார். வெட்டிய கைகளைக் கேட்டு வியக்கிறவர்களுக்கு வெட்டிய கைகள். நெய்த கைகளைப் பற்றிக் கேட்பவர் இருந்தால் அதையும் தெரிந்து வைத்திருப்பார். கேட்கத் தெரியாதது நம் குற்றம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கைவெட்டுக் கதையும் கதவுக் கதையும் தீங்கற்ற கட்டுக்கதைகள் அல்ல. ஒவ்வொன்றும் கேட்பவர் மனத்தில் ஒரு வெறுப்பை விதைக்கிறது. ஊருக்குத் திரும்பியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, "என் மகனே சொன்னான்" என்று பத்துப் பேரிடம் சொல்வார்கள். வழிகாட்டி சொன்னால் கதை. படித்த மகன் சொன்னால் அது சான்று. நம் வாயிலிருந்து போகும் பொய்க்கு இரட்டை வலிமை உண்டு என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஆகவே, நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், பொங்கல் வைக்கிறோம். அவை இருக்கட்டும். இந்த ஆண்டு, வரும் பெற்றோர்க்காகத் தமிழில் சிறு கைந்நூல் ஒன்று அச்சிடுவோம். செங்கோட்டைக்கு நான்கு பக்கம், குதுப் மினாருக்கு நான்கு பக்கம், உமாயூன் கல்லறைக்கு நான்கு பக்கம், ஆக்ராவுக்கு எட்டுப் பக்கம் போதும். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் இல்லை, திங்கட்கிழமை செங்கோட்டை இல்லை என்பது முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். மார்கழி, தை மாதங்களில் பனியால் வண்டி தாமதமாகும், காலைக் காட்சியை நம்ப வேண்டாம், காதுக்குத் துணியும் காலுக்கு உறையும் கட்டாயம் என்பவை இரண்டாம் பக்கத்தில். அதன் பிறகு, எது வரலாறு, எது கதை என்று பிரித்து எழுதுவோம். வரலாற்றுத் துறை நண்பர்கள் சரிபார்க்கட்டும். வேதியியல்காரன் மெய்ப்புத் திருத்துகிறேன்.

அந்நூலின் கடைசியில் சில வெற்றுப் பக்கங்களும் வேண்டும். வந்தவர்கள் கேட்ட கேள்விகளை அதில் நாம் குறித்துவைப்போம். நெசவாளர் கேட்டது, உழவர் கேட்டது, கொத்தனார் கேட்டது, பிள்ளை பெற்ற தாய் கேட்டது எல்லாவற்றையும் எழுதுவோம். அடுத்த பதிப்பில் அவற்றுக்கு விடை தேடிச் சேர்ப்போம். ஏனெனில், நாம் அவர்களுக்கு வழிகாட்டுவது பாதிதான். கோட்டைக்குள் அன்று சரியாகப் பார்த்தவர்கள் என் வீட்டார் மூவரும். பாராதவன் நான் ஒருவன்.

ஜஹானாராவின் செய்தியைத் தொலைபேசியில் தாயாருக்குச் சொன்னேன். சிறிது நேரம் பேச்சில்லை. "கூரை இல்லையென்றா சொன்னாய்? இந்தப் பனியிலேயா?" என்று கேட்டார். பிறகு, "அடுத்த தடவை வரும்போது முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போ" என்றார்.

என்ன கிழமை திறந்திருக்கும் என்பதை இப்போதே பார்த்து வைத்துவிட்டேன்.